முன்வரிசை மூட்டை

நத்தக்கரிசலில் கல் பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, போன கரண்ட் திரும்பி வந்த ஐந்தாவது நிமிடத்தில். அன்றைக்கு ஊரில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. வடக்குத் தெருவில் ஒரு வெள்ளாடு மூன்று குட்டி ஈன்றது, மினிபஸ் பஞ்சராகி ரைஸ்மில் முன்னால் நின்றது, அவ்வளவுதான். வானத்தில் வெளிச்சம் தெரிந்தது, பூமி அதிர்ந்தது என்று பிற்பாடு சொன்னவர்கள் எல்லாரும் அன்றைக்கு வெளியூரில் இருந்தவர்கள்.

கல் பேசியது சந்தனமாரி என்பவளின் கையில். ஊருக்குக் கிழக்கே, கம்மங்காடு முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையின் வாசலில் 'கட்டுமானப் பொருள் பரிசோதனைக் கூடம்' என்று பலகை தொங்கும். ஊர்க்காரர்கள் அத்தனை நீளத்துக்கு வாயைத் திறக்கச் சோம்பல்பட்டு 'நொறுக்குக் கொட்டகை' என்பார்கள். அங்கே ஒன்பது வருஷமாகச் சந்தனமாரிக்கு வேலை நொறுக்குவதுதான். யாராவது சிமெண்ட் கொண்டுவந்தால் அதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து, அளந்து தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு அச்சில் வார்த்து, ஒரு நாள் ஈரத்தில் வைத்து, பிறகு தொட்டித் தண்ணீரில் போட்டு, மூன்றாம் நாள் சில, ஏழாம் நாள் சில, இருபத்தெட்டாம் நாள் மிச்சம் என்று எடுத்து அமுக்கும் மெஷினில் வைத்து உடையும்வரை அமுக்குவாள். உள்ளங்கையளவு கல், நல்ல சிமெண்டாக இருந்தால், இருபத்தேழு டன் ஏறிய பிறகுதான் உயிரை விடும். எத்தனையில் விட்டது என்பதைப் பலக் கணக்கின் எண்ணாக மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஐம்பத்திரண்டரை என்றால் ஐம்பத்திரண்டரைதான். "ஒரு அரைதானம்மா, ஐம்பத்தி மூணாப் போட்டுருங்களேன்" என்று குழைந்தவர்களை அவள் பார்த்த பார்வையில் இரண்டு காண்டிராக்டர்கள் தொழிலையே மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். ஒருவர்தான் மாற்றிக்கொண்டார், மற்றவர் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மெஷினில் இருந்தது புதுக் கல்யாண மண்டபத்துக்கான கல். டன் காட்டும் முள் ஏறி ஏறி இருபத்தேழைத் தாண்டி நடுங்கியது. படாரென்று கல் வெடிக்கும் முன், ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்கு, ஆணுமில்லாத பெண்ணுமில்லாத ஒரு குரல் தெளிவாகச் சொன்னது:

"ஆயிரம் பேரு பந்தியில உக்காரலாம். ஆடுனா அறுநூறு பேரு."

சந்தனமாரி முதலில் முள் நின்ற இடத்தை எழுதினாள். பிறகுதான் திரும்பி, முடிவு வாங்க வந்து உட்கார்ந்திருந்த மிக்கேல் கொத்தனாரைப் பார்த்தாள்.

"நீங்களாண்ணே பேசுனது?"

"நான் எதுக்கு தங்கச்சி அறுநூறு பேர ஆடச் சொல்லப் போறேன்?" என்றார் மிக்கேல்.

அடுத்த கல்லும் அதையே சொன்னது, அதற்கடுத்ததும் அதையே சொன்னது. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் பேசுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. சிமெண்ட் வருவது வேறு ஜில்லாவிலிருந்து, மணல் வருவது எங்கிருந்தோ, அப்புறம் எப்படி அது நம்ம ஊர்ப் பேச்சு பேசுகிறது என்று மட்டும் டீக்கடையில் ஒருவர் சந்தேகம் கிளப்பினார். "தண்ணி நம்ம ஊருத் தண்ணிதானய்யா" என்று மிக்கேல் ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார். அதோடு காரணம் கேட்பது நின்று, காரியம் கேட்பது ஆரம்பித்தது.

சனங்கள் தங்கள் வீட்டிலிருந்து ஒரு சில்லை உடைத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். மாடி எழுப்பலாமா என்று கேட்க வந்தவர்கள், மகனுக்குப் பெண் பார்க்கும் முன் வீடு தாங்குமா என்று கேட்க வந்தவர்கள், பக்கத்து வீட்டுச் சுவரின் சில்லைத் திருடிக்கொண்டு அவர்கள் வீடு எப்போது விழும் என்று கேட்க வந்தவர்கள், எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒருவருடைய காம்பவுண்டுச் சுவர், "ஒரு ஆடு சாஞ்சா தாங்குவேன். ரெண்டு ஆடுன்னா யோசிக்கணும்" என்றது. கோயில் மண்டபத்துச் சில்லோ, "நான் பாட்டுக்கு நல்லாத்தான இருந்தேன், என்னைய எதுக்குய்யா உடைச்சீக?" என்று அழாத குறையாகக் கேட்டது. தர்மகர்த்தா அன்றே வந்து மூன்று தேங்காய் உடைத்து, உடைந்த மூலையைப் பூசிவிட்டுப் போனார். மினிபஸ்ஸுக்கு 'கல்லு ஸ்டாப்' என்று ஒரு நிறுத்தம் முளைத்தது. வரிசையில் நிற்பவர்களுக்காக டீக்கடைக்காரர் தன் கடையையே தள்ளுவண்டியில் ஏற்றிக் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். கொட்டகை முதலாளி சான்றிதழ் தாளில் எண்களுக்குக் கீழே 'கல் கூறியது' என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்தார். மாவட்ட அலுவலகம் முதலில் அதைத் திருப்பி அனுப்பியது, மறுமாதம் அந்தக் கட்டத்தை மூன்று பிரதிகளில் நிரப்பி அனுப்பும்படி சுற்றறிக்கை விட்டது. இப்படியாக அதிசயம் ஆறே மாதத்தில் அலுவலாகிவிட்டது.

சந்தனமாரிக்கு இதில் பெருமைதான். பெருமை இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. முன்பெல்லாம் அவள் எழுதுகிற எண்ணைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்ததில்லை, இப்போது அவள் மெஷினைத் திருகினால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் எண்ணை எழுதுவதை மட்டும் அவள் விடவில்லை. கல் சொன்னதை எண்ணுக்குக் கீழேதான் எழுதினாள், மேலே எழுதவில்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்தின் கூரை விஷயம் இப்படி இருக்கும்போதுதான் வந்தது. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்து ஒரு வருஷமாகிறது. எண்பது பிள்ளைகள் வாரச்சந்தைக் கொட்டகையில் வெங்காய வாடைக்கு நடுவே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சந்தை நாளில் விடுமுறை, மழை நாளிலும் விடுமுறை. பஞ்சாயத்துத் தலைவர் குருவம்மா அலையாத அலைச்சல் அலைந்து சுவர்களை எழுப்பிவிட்டார். கூரைத் தளம் போட இருநூறு மூட்டை சிமெண்ட் வேண்டும். அது ராஜரத்தினம் அண்ணாச்சியின் கிடங்கில் இருந்தது. சோதனைக்கு ஒரு மூட்டை கொட்டகைக்கு வந்தது, கல்லானது, தொட்டியில் கிடந்தது, இருபத்தெட்டாம் நாள் சனம் திரண்டு நிற்க மெஷினில் ஏறியது. முள் இருபத்தெட்டைத் தொட்டது. கல் வெடிக்கும் முன் கணீரென்று சொன்னது:

"எம்பது பிள்ளைக, எம்பது பையி, மேல ரெண்டு நாள் மழைத்தண்ணி. வரச் சொல்லுங்க."

கூட்டம் குலவையிட்டது. குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை தளம் என்று அங்கேயே நாள் குறித்தாயிற்று. சந்தனமாரி சான்றிதழில் மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அந்தச் சான்றிதழின் ஒரு பிரதியைக் கொடுக்க அவளே ராஜரத்தினத்தின் கிடங்குக்குப் போனாள். ராஜரத்தினம் கெட்டவர் இல்லை. ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும் முதல் ஆளாக நின்று இலை போடுகிறவர், தாராளத்துக்குப் பேர் போனவர். அவளுக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என் மானத்தைக் காப்பாத்துன தாயி நீ. ஒனக்குன்னே வெளிய, முன்வரிசையில, புது மூட்டையாப் பாத்து எடுத்து வச்சிருந்தம்ல! ஒன்பது வருசமா ஒனக்கு நான் ஒரு அழுக்கு மூட்டை அனுப்பிருப்பேனா சொல்லு?"

சந்தனமாரியின் கையில் காபி டம்ளர் அப்படியே நின்றது.

"எனக்குன்னு எடுத்து வச்சீகளா?"

"பின்ன? அதிகாரின்னு ஒருத்தர் கேக்குறப்போ மூலையில கெடக்குறதையா தூக்கிக் குடுப்பாக? விருந்தாளிக்கு ஒடைஞ்ச அப்பளத்தையா வைப்போம்?"

நத்தக்கரிசலில் அப்படி வைக்கத்தான் மாட்டார்கள். அந்த ஊர் வழக்கம் அது, வருகிறவருக்கு உள்ளதில் சிறந்ததை எடுத்து வைப்பது. எல்லாக் கிடங்கிலும் பரிசோதனைக் கூடத்துக்கென்று வாசலோரம் ஒரு முன்வரிசை உண்டு. யாரும் ஏமாற்ற வைத்ததில்லை, மரியாதைக்கு வைத்தது. அந்த மரியாதையை ஒன்பது வருஷமாக அவளும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட உள்ளே போய்த் தன் கையால் ஒரு மூட்டையைக் காட்டி இதைக் கொடு என்று கேட்காமல். சுருக்கென்றது அவளுக்கு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிடங்குக்குள் நடந்தாள்.

முதல் வரிசை புத்தம்புது மூட்டை, முத்திரை பளிச்சென்று இருந்தது. அதற்குப் பின்னால் சுவரோரம் வரைக்கும் அடுக்கியிருந்தவற்றிலும் அதே முத்திரை இருந்தது. தயாரித்த வாரம் மட்டும் வேறு, போன மழைக்காலத்துக்கும் முந்தியது. முத்திரை பொய்யில்லை. மூட்டை ஆலையை விட்டுக் கிளம்பிய அன்றைக்கு அது சத்தியமான முத்திரைதான். ஆனால் சிமெண்ட் மூன்று மாதம் கிடந்தாலே மறுபடி சோதிக்க வேண்டும், இதுவோ ஓதம் ஏறிய சுவரோரம் ஒரு மழைக்காலத்தையே குடித்துவிட்டுக் கிடந்தது. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். நல்ல சிமெண்ட் என்றால் குளுகுளுவென்று விரலிடுக்கில் வழியும். இது கருப்பட்டிக் கட்டிபோல் கையில் வந்தது.

"அண்ணாச்சி, இது செத்துப்போன சிமெண்டு."

"பழசுதான் தாயி, கெட்டதில்ல. பழைய அரிசிதான சோறு உதிரியா வரும்? நல்லதுன்னுதான் பிள்ளைகளுக்குன்னு சேத்து வச்சேன்." அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. திருடனாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம், இவரை என்ன செய்வது?

எதையும் பார்த்துப் பொறுக்கிவிடாமல் இருக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கைத் தடவிக்கொண்டே நடந்து, பதினேழாவது, அறுபத்து நான்காவது, நூற்று நாற்பதாவது என்று எண்ணி, கை நின்ற இடத்தில் மூன்று மூட்டைகளைத் தொட்டாள். அவற்றிலிருந்து அள்ளித் தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டு நேரே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாள்.

குருவம்மா நாளைக்கு வரப்போகிற நாற்பது ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

"தளம் போடக் கூடாது தலைவரம்மா. மூணு நாள் பொறுக்கணும்."

"ஏ மாரி, வெளையாடுறியா? கல்லே வாயத் தொறந்து சொல்லிருச்சு, வரச் சொல்லுங்கன்னு. ஒன் காதால கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். கல்லு பொய் சொல்லல. அது தன்னப் பத்தி மட்டுந்தான் சொல்லுச்சு. நாந்தான் அவுக குடுத்த கல்லக் கேட்டேன், கூரைக்குப் போற கல்லக் கேக்கல."

விஷயம் பரவ நேரமாகவில்லை. ஆபீஸ் வாசலில் கூட்டம் சேர்ந்தது. நத்தக்கரிசல்காரர்கள் கோபப்பட்டு அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கல் வாக்கைச் சந்தேகப்படலாமா என்றார்கள். சாமி குத்தம் என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "எங்க பிள்ளைக இன்னொரு மழைக்கும் வெங்காயத்துக்குள்ள உக்காரணுமா?" என்று ஒரு தகப்பன் கேட்டார், அவரை மட்டும் சந்தனமாரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொட்டகை முதலாளி பைக்கில் வந்து இறங்கி அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட்டதை நீயே தப்புன்னு சொன்னா, நம்ம கூடத்தோட அங்கீகாரம் போயிரும்மா. ஒன் வேலையும் போயிரும். ஒன்பது வருசப் பேரு. யோசிச்சுக்கோ" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை பேர் பார்க்க, இத்தனை நாள் நிமிர்ந்து நின்ற இடத்தில், நான் தப்பு செய்தேன் என்று சொல்வதைவிட அந்த மெஷினில் தலையை வைப்பது சுலபம் என்று பட்டது. ஆனால் எண்பது பையையும் எண்பது தலையையும் நினைத்ததும் அவளுக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சான்றிதழின் மூன்று பிரதிகளையும் ஒரு சிவப்பு மைப் பேனாவையும் கேட்டு வாங்கினாள். மூன்று பிரதியிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'ரத்து' என்று எழுதி, 'மாதிரி எடுத்த முறை தவறு, தவறு என்னுடையது' என்று கீழே சேர்த்து, கையெழுத்துப் போட்டாள்.

"மூணாவது நாள் எல்லாரும் வாங்க" என்றாள். "கல்லையே கேப்போம்."

அன்று சாயங்காலமே வார்த்த கற்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று நாள் வயது. மாதா கோயில் பூசை முடிந்தவர்களும் சந்தை முடிந்தவர்களும் ஒன்றாக வந்து சேர, கொட்டகைத் தகரமே தெரியாத அளவுக்குக் கூட்டம். ராஜரத்தினம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். பதினேழாவது மூட்டையின் கல்லை அவள் மெஷினில் வைத்தாள். நல்ல சிமெண்ட் என்றால் மூன்றாம் நாளே பதிமூன்று டன்னைத் தாண்டியாக வேண்டும். முள் மூன்றில் நின்றது. கல் வெடிக்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. உதிரும்போது, சளி பிடித்தவன் பேசுவதுபோல் சொன்னது:

"ஒரு மைனா உக்காந்தா தாங்குவேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அறுபத்து நான்காவது மூட்டையின் கல் இரண்டரையில் உதிர்ந்தது.

"அந்த மைனா எந்திரிச்சுப் போனாத் தேவல."

நூற்று நாற்பதாவது ஒன்றுமே சொல்லவில்லை. மெஷின் தொட்டதும் மாவாகிப் போனது. குருவம்மா அந்த மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு மெதுவாகச் சுற்றிலும் இருந்த பிள்ளைகளைப் பார்த்தார். மண்ணை வாரித் தூற்றியவள் தன் மகளை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

ராஜரத்தினம்தான் முதலில் அசைந்தார். கிடங்குக்கு நடந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, சுவரோரத்து மூட்டைகளைத் தன் தோளிலேயே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து ரோட்டோரம் போட்டார். பத்தாவது மூட்டைக்கு மிக்கேல் கொத்தனார் போய்த் தோள் கொடுத்தார். அதன் பிறகு ஊரே போய்த் தோள் கொடுத்தது. அந்த மூட்டைகளை உடைத்துச் சந்தைக்குப் போகிற பாதையின் பள்ளங்களில் கொட்டினார்கள், மைனாக்கள் அதன்மேல் தாராளமாக நடந்தன. அந்த வாரத்திலிருந்து நத்தக்கரிசலில் எந்தக் கிடங்கிலும் முன்வரிசை கிடையாது. வாங்குகிறவர் உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு தடவி, தானே மூட்டையைத் தொட வேண்டும் என்று ஆகிவிட்டது. பழக்கம் முற்றிப்போய்ச் சிலர் கத்தரிக்காய்க் கடையிலும் கண்ணை மூடத் தொடங்கியது வேறு விஷயம். கூடத்தின் அங்கீகாரத்தைப் பற்றி விசாரிக்க மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார், சிவப்பு மையில் இழுத்த கோட்டை நெடுநேரம் பார்த்தார், இப்படித் தன் தப்பைத் தானே எழுதிய தாளை இதுவரை பார்த்ததில்லை என்று சொல்லி, அங்கீகாரத்தை ஒரு வருஷம் நீட்டிவிட்டுப் போனார். முதலாளி அவளிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, புது மின்விசிறி ஒன்று மட்டும் அவள் மேசைக்கு மேலே முளைத்தது.

புது சிமெண்ட் லாரியில் வந்தபோது சந்தனமாரி தானே மேலே ஏறி, தானே தொட்டு, தானே வார்த்தாள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் முள் நன்றாகவே ஏறியது. இருபத்தெட்டாம் நாளும் தேறிய பிறகுதான் தளம் போட விட்டாள். மழைக்குப் பத்து நாள் இருக்கையில் கான்கிரீட் ஏறியது, மழை முடிவதற்குள் கூரை நனைந்து நனைந்து முற்றியது. பிறகு, தளத்தை அடியில் தாங்கி நின்ற முட்டுக்கால்களைப் பிரிக்கிற நாள் வந்தது.

முட்டுப் பிரிக்கும்போது கீழே யாரும் நிற்பதில்லை. தட்டுகிற கொத்தனார்கூட ஒரு கால் வாசலில் வைத்துக்கொண்டுதான் தட்டுவார். அன்றைக்கு ஊரெல்லாம் வெளியே நிற்க, சந்தனமாரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், அறையின் நட்டநடுவே போட்டு உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, வெளிய வா. வெளையாடாத" என்றார் மிக்கேல்.

"தட்டுங்கண்ணே."

"மாரி!" என்று வாசலிலிருந்து குருவம்மா கத்தினார்.

"பிள்ளைக உக்காரப் போற எடம் தலைவரம்மா. நான் உக்காந்தா என்ன?"

மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு தட்டத் தொடங்கினார். ஓரத்து முட்டுகள் போயின, அடுத்த வரிசை போயிற்று, பலகைகள் பெயர்ந்து விழுந்தன. ஒவ்வொரு முட்டு சாயும்போதும் வெளியே கூட்டம் ஒரு அடி பின்னால் போயிற்று. சந்தனமாரி மேலே பார்க்கவில்லை. பயமில்லை என்றில்லை, அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது அவளுக்கே கேட்டது. ஆனால் மூட்டையைத் தொட்ட கை தன்னுடையது, வார்த்த கை தன்னுடையது என்பது அந்தச் சத்தத்துக்கு அடியில் உறுதியாக இருந்தது. கடைசி முட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றது. மிக்கேல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒரே அடி. முட்டு சாய்ந்தது, கொஞ்சம் தூசி அவள் தலைமேல் கொட்டியது, வேறு ஒன்றும் கொட்டவில்லை.

வெளியே இருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள், கூரை ஏதாவது சொல்லுமா என்று. சந்தனமாரி கைப்பையிலிருந்து சான்றிதழ் தாளை எடுத்து மடியில் வைத்து எண்களை எழுதினாள். 'கல் கூறியது' என்ற கட்டத்தில், கூரைக்காக, 'உடையவில்லை, ஆகவே பேசவில்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நாள் என்ற இடத்தில் நாளைப் போட்டாள். இடம் என்று கேட்டிருந்த கோட்டில், வழக்கமாக எழுதுகிற ஊர்ப் பெயரை எழுதாமல், தலையில் இருந்த தூசியைக்கூடத் தட்டிவிடாமல், நிதானமாக எழுதினாள்: கூரைக்கு அடியில்.